பதினேழு ஒண்ணு

பையை நான் மடியில வச்சிக்கிடுதேன், நீங்க தாராளமா உக்காருங்க. எனக்குக் காலேஜ் ஸ்டாப்புல இறங்கணும். ரோடு வேலை நடக்குல்லா, எப்படியும் ஒரு மணி நேரம் ஆக்கிருவான். இல்ல இல்ல, பேரப்பிள்ளைக்கு அட்மிஷன் கேட்டுப் போகல. ஒரு கல்லு விஷயமாப் போறேன்.

கல்லுதாங்க. கருங்கல்லு. மேத்ஸ் பிளாக் வாசல்ல பதிச்சிருக்கு. அதுல என் பேரு வெட்டியிருக்கு. அந்தப் பேரை எடுங்கன்னு சொல்லப் போறேன்.

ஆமா, என் பேரைத்தான். ஊர்ல எல்லாவனும் தன் பேரு கல்லுல வராதான்னு அலையுதான். நான் எடுங்கன்னு கேட்டுப் போறேன். பைத்தியம்னு நினைக்காதீங்க. கணக்குப் புரொபசர் நான். அந்தக் காலேஜ்லதான் சர்வீஸ் பூராவும். பாதிக் காலத்துக்கு மேல ஹெச்.ஓ.டி.யா இருந்தேன். குற்றாலிங்கம் சார்னா இந்தப் பக்கம் படிச்சவங்களுக்குத் தெரியும். நீங்க என்ன படிச்சிய? காமர்ஸா? பரவாயில்ல, உங்களுக்கும் புரியத்தான் சொல்லுவேன்.

ஒண்ணு எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஒண்ணு. அப்படியே பதினேழு ஒண்ணு வரிசையா எழுதுங்க. வாயால சொல்லணும்னா நூத்திப் பதினோரு கோடி கோடிக்கு மேல வரும். கோடியைக் கோடியால பெருக்குனது ஒரு கோடி கோடி, அது மாதிரி நூத்திப் பதினொண்ணு. அதாங்க என் எண்ணு.

பகா எண்ணுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பிய. தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு, இந்த மாதிரி. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்புல பாடமே எடுக்க மாட்டேன். போர்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பதினேழு ஒண்ணைப் போட்டுட்டு, "மூணால போகுமா?"ம்பேன். கூட்டிப் பாத்தா பதினேழு, மூணால போகாது. "போகாது சார்!"ம்பாங்க. "பதினொண்ணால?" "போகாது!" "ஏழால?" "போகாது!" பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்லுவாங்க. பக்கத்துல இங்கிலீஷ் கிளாஸ்காரர் கதவைத் திறந்து எட்டிப் பாப்பாரு. அப்படி ஒரு சத்தம். அப்பதான் சொல்லுவேன், "இது எதாலயும் போகாது பிள்ளைகளா. நான் போட்டுப் பாத்திருக்கேன்"னு.

சும்மா சொல்லலைங்க. சேந்த புதுசுல, ரெண்டு கோடை லீவு முழுசும் உக்காந்து வகுத்தேன். கால்குலேட்டர் எல்லாம் ஏது? கையாலதான். சின்னப் பகா எண்ணுல தொடங்கி ஒண்ணு ஒண்ணா வகுத்துக்கிட்டே போனேன். பத்தாயிரம் வரைக்கும் போனேன். எங்க மூத்தவன் பிறந்தான்னு ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்தப்ப நான் ஆறாயிரத்துச் சொச்சத்துல இருந்தேன். பாதியில எந்திரிச்சா விட்டது தொட்டது தெரியாமப் போயிரும்னு அந்தப் பக்கத்தை முடிச்சிட்டுத்தான் போனேன். என் வீட்டுக்காரி பிரமு அதை இன்னைக்கும் சொல்லிக் காட்டுதா. அவளுக்கு அதுதான் பெருசு.

ஒண்ணாலயும் போகல. பத்தாயிரம் வரைக்கும் போகாதது அதுக்கு மேல எங்க போகப் போகுது? மிச்சத்தையும் போடணும்னா பத்து கோடி வரைக்கும் போடணும், ஒரு ஆயுசு பத்தாது. ஆனா ஒரு எண்ணோட ரெண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவனுக்குத் தெரியாதா அது எப்பேர்ப்பட்டதுன்னு? பிள்ளைகளே அதுக்குக் 'குற்றாலிங்கம் எண்'ணுன்னு பேரு வச்சிட்டாங்க. நான் வைக்கச் சொல்லல.

அப்புறம் புது பிளாக் கட்டினாங்க. வாசல்ல என்ன வைக்கலாம்னு செக்ரட்டரி கேட்டாரு. சரஸ்வதி படம், திருக்குறள்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் சொன்னேன், "கணக்குக்குக் கட்டின கட்டடம், கணக்கைத்தான் வைக்கணும்"னு. நல்ல கருங்கல்லு, கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டு, பதினேழு ஒண்ணு, அதுக்குக் கீழ 'எதாலும் வகுபடாதது'ன்னு ஒரு வரி, அதுக்கும் கீழ 'பேராசிரியர் சு. குற்றாலிங்கம்'. என் பேரைப் போடணும்னு செக்ரட்டரிதான் பிடிவாதமா இருந்தாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

இங்கதான் வாரா அந்தப் பொண்ணு. முப்புடாதி. கிராமத்து அம்மன் பேரு. பேரைப் பாத்தியளா? கணக்கு டிபார்ட்மெண்டுல முப்புடாதின்னு ஒரு மேடம். வீட்டுல முதல் தலைமுறைப் படிப்பு. நான்தான் இன்டர்வியூ போர்டுல இருந்து எடுத்துப் போட்டேன், டெம்பரவரியா. அடுத்த ஜூன்ல பெர்மனன்ட் போஸ்ட் ஒண்ணு காலியாகுது, அதை இவளுக்கே பண்ணிரலாம்னு மனசுல வச்சிருந்தேன். நல்லா எடுப்பா. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதெல்லாம் நான் இல்லைன்னு சொல்லல.

கல்லு செதுக்க ஆரம்பிச்சிருக்கு. இவ என் ரூமுக்கு வாரா. மத்த ஸ்டாஃப் எல்லாம் வகுப்புக்குப் போன நேரமாப் பாத்து வந்திருக்கா. நிக்கா. "உக்காரு"ன்னேன், உக்காரல.

"சார், அந்த எண்ணு விஷயமா ஒண்ணு சொல்லணும்"னா.

"சொல்லும்மா."

"அது வகுபடும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்திச்சி. "எதாலம்மா?"ன்னேன்.

மூச்சு விடாமச் சொல்லுதா: "இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்தி மூணால போகும் சார். ஈவு ஐநூத்தி முப்பத்தாறு கோடிச் சொச்சம் வரும். பழைய புத்தகங்கள்லயே இருக்கு சார். நானும் கம்ப்யூட்டர் லேப்ல போட்டுப் பாத்துட்டேன்."

வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் ஆகல, பாத்துக்கிடுங்க. "நான் ரெண்டு வருஷம் வகுத்தவன்மா"ன்னேன். அதுக்கு அவ, "நீங்க போன வழி சரிதான் சார், இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா கிடைச்சிருக்கும்"ங்கா. கொஞ்ச தூரம்! பத்தாயிரத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவுல உள்ளது அவளுக்குக் கொஞ்ச தூரம்! "போய் வகுப்பைப் பாரு"ன்னு அனுப்பிட்டேன். கோபமாக்கூடச் சொல்லல.

மறுபடி வந்தா. இந்தத் தடவை சாக்பீஸை எடுத்து என் ரூம் போர்டுலயே எழுதுதா. "சார், இந்த எண்ணை வகுக்கிற எதுவா இருந்தாலும், அதை முப்பத்தி நாலால வகுத்தா மீதி ஒண்ணு வரணும். பதினேழு ஒண்ணுங்கிறதால அப்படி. அதனால எல்லாத்தையும் போட்டுப் பாக்க வேண்டாம் சார். மீதி ஒண்ணு வாரதை மட்டும் எடுத்துப் போட்டாப் போதும்"னு அஞ்சாறு வரியில நிரூபிச்சுக் காட்டுதா. நிரூபணம் சரிதான். அதுல தப்பு கண்டுபிடிக்க முடியல என்னால.

உங்களுக்குப் புரியுதா அவ என்ன சொல்லுதான்னு? நான் வகுத்தேன்ல, ரெண்டு கோடை, ஆயிரத்துச் சொச்சம் பகா எண்ணு, அதுல பதினஞ்சுல ஒண்ணுகூடத் தேவையில்லையாம். மிச்சம் எல்லாம் வகுபடாதுன்னு போடாமலே சொல்லிரலாமாம். மேல ஃபேன் போடாம, தாள் பறக்கும்னு, வேர்த்து விறுவிறுத்து நான் உக்காந்திருந்தது எல்லாம் சும்மா. அஞ்சு வரியில சொல்லிட்டுச் சாக்பீஸ் தூசியைத் தட்டுதா. என் ஆயுசையே தட்டின மாதிரி இருந்திச்சி எனக்கு.

டஸ்டரை எடுத்து அழிச்சிட்டேன். "முப்புடாதி, ஜூன்ல இன்டர்வியூ இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்"னேன். மிரட்டல் இல்லைங்க அது. ஒரு பெரியவன் சொல்லுத புத்திமதி.

அதோட விட்டாளா? கல்லு செதுக்குத ஆசாரிகிட்டயே போயிட்டு வந்திருக்கா. திரும்ப என் ரூமுக்கு வந்து, "சார், கோவிச்சுக்காதீங்க. பத்தொம்பது ஒண்ணு இருக்குல்லா சார், அது நிஜமாவே பகா எண்ணு. நிரூபிச்சிருக்காங்க. நான் ஆசாரிகிட்டக் கேட்டேன். கல்லுல இடம் இருக்காம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வெட்டிட்டா நடுவுல உக்காந்த மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியவும் தெரியாது. உங்க பேருக்கு மேல ஒரு தப்பு வரக் கூடாது சார்"னா.

பாத்தியளா? என் எண்ணுக்கு ஒட்டுப் போடச் சொல்லுதா. பத்தொம்பது ஒண்ணுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? நான் அதை ஒரு நாள் வகுத்திருப்பேனா? அது எவன் எண்ணோ. "வெளிய போ"ன்னேன். அன்னைக்குக் கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்.

என்ன கேக்கிய? அவ சொன்ன எண்ணால வகுத்துப் பாத்தேனான்னா? பிரமுவும் இதையேதான் கேட்டா. கேட்டதுக்கு ஒரு மாசம் அவகூடப் பேசல நான். வகுத்துப் பாத்தா அவ சொன்னதைச் சந்தேகப்பட்டுப் பாத்ததா ஆயிரும். நான் அவ சொன்னதைக் காதுலயே போடல. அது வேற, இது வேற.

திறப்பு விழா. யுனிவர்சிட்டியில இருந்து ஒரு ரிட்டயர்டு புரொபசர், வைகுண்டம்னு பேரு, அவர்தான் சீஃப் கெஸ்ட். வெள்ளைத் துணியை இழுத்துத் திறந்தாரு, பிள்ளைகள் கை தட்டுச்சி. அப்புறம் உள்ள ஹால்ல கூட்டம். நான் எண்ணைப் பத்திப் பேசினேன். வழக்கம் போல "மூணால?" "போகாது!" "ஏழால?" "போகாது!" ஹாலே அதிருது. அப்ப ஃபைனல் இயர்ல இருந்து ஒருத்தன் எந்திரிச்சு, "சார், எதாலயும் போகாதுன்னு எப்படி நிரூபிச்சீங்க?"ன்னு கேட்டான்.

நல்ல கேள்விதான். ஆனா எனக்கு ஒரு சந்தேகம், இவதான் தூண்டி விட்டிருப்பாளோன்னு. திரும்பிப் பாத்தேன். ஸ்டாஃப் வரிசையில கடைசியில தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா. சரி, இன்னைக்கு இதை எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிருவோம்னு, மைக்லயே சொன்னேன்: "நம்ம முப்புடாதி மேடம் சொல்லுவாங்க. எந்திரிம்மா. இந்த எண்ணு வகுபடுமா, வகுபடாதா?"

எந்திரிச்சா.

"சொல்லும்மா. எல்லாரும் காத்திருக்காங்க"ன்னேன்.

"வேண்டாம் சார்"னா. மெதுவாத்தான் சொன்னா. முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"வகுபடும்னா வகுபடும்னு சொல்லு, வகுபடாதுன்னா வகுபடாதுன்னு சொல்லு. கணக்குல வேண்டாம்னு ஒரு விடை கிடையாது"ன்னேன். பிள்ளைகள் சிரிச்சுது.

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம், "வகுபடும் சார்"னா.

அந்த வைகுண்டம் சும்மா இருந்திருக்கலாம்லா? "எதாலம்மா?"ன்னாரு. அவ ரெண்டு எண்ணையும் முழுசாச் சொன்னா. அந்த மனுசன் பேனாவை எடுத்து அழைப்பிதழுக்குப் பின்னால பெருக்க ஆரம்பிச்சிட்டாரு. மேடையில, எனக்குப் பக்கத்து நாற்காலியில. அவ்வளவு பெரிய ஹால்ல பேனா ஓடுதது மட்டும் கேக்கு. வரிசை வரிசையா எழுதிக் கூட்டுதாரு. கூட்டக் கூட்ட ஒண்ணு, ஒண்ணுன்னு விழுது. நான் பாக்கல. எதுத்தாப்புல சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசியில மூக்குக்கண்ணாடியைக் கழத்திட்டு, "பொண்ணு சொல்லுதது சரிதான்"னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன்.

'தெரியாது சார்'னு சொல்லியிருக்கலாம்லா அவ? ஒரே ஒரு வார்த்தை. நானா அவளை வகுபடும்னு சொல்லச் சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். பெரியவங்க சபையில கேட்டா அதுக்குன்னு ஒரு பதில் இருக்குல்லா. எங்க காலத்துல அது தெரிஞ்சிருந்திச்சி.

அன்னைக்குச் சாயங்காலமே அந்தக் கல்லு மேல ஒரு நோட்டீஸ் போர்டை மாட்டிட்டாங்க. கல்லைப் பேத்து எடுக்க முடியாது, சுவரோட பதிச்சது. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் அந்த வாசல் வழியா நான் போனேன் வந்தேன். ஹால் டிக்கெட், ஃபீஸ் கட்டக் கடைசி நாள், தொலைஞ்சு போன குடைன்னு ஒட்டியிருப்பாங்க. அதுக்குப் பின்னால என் பேரு. பிள்ளைகளும் முதல் வகுப்புல பெஞ்சைத் தட்டுததை விட்டுட்டாங்க. நான் கேக்கதையும் விட்டுட்டேன்.

அவளை நான்தான் வேலையை விட்டுத் தூக்கினேன்னு டிபார்ட்மெண்டுல பேச்சு. அபாண்டம். டெம்பரவரி போஸ்ட், ஏப்ரலோட முடிஞ்சுது. ஜூன்ல இன்டர்வியூ வந்துச்சி, அவளும் வந்தா, நானும் போர்டுல இருந்தேன். "இந்தப் பொண்ணு எப்படி?"ன்னு செக்ரட்டரி கேட்டாரு. "பாடம் தெரியும். பண்பு பத்தாது"ன்னேன். மனசாட்சிக்கு விரோதமா எதுவும் சொல்லல. முடிவு எடுத்தது போர்டு. வேற ஒரு பையனை எடுத்தாங்க, அவனுக்குப் பகா எண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா நல்ல பையன். அவ புளியங்குடிப் பக்கம் ஏதோ மெட்ரிக் ஸ்கூல்ல சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. சரி, அதுவும் வாத்தியார் வேலைதானே.

இப்ப எதுக்கு இதெல்லாம்னு கேக்கிய. போன மாசம் பழைய மாணவர் கூட்டம்னு கூப்பிட்டாங்க. இப்ப ஹெச்.ஓ.டி.யா இருக்க பிச்சையா என் ஸ்டூடண்ட். வீடு தேடி வந்து, "சார், நீங்க வராம நடக்காது"ன்னான். போனேன். வாசல்ல போர்டைக் காணோம். கல்லைத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கான். பிள்ளைகள் முன்னால நின்னு போட்டோ எடுக்குது. நான் கிட்டத்துல போய்ப் பாத்தேன். இந்தக் கடைசியில ஒரு ஒண்ணு, அந்தக் கடைசியில ஒரு ஒண்ணு, புதுசா வெட்டின வெள்ளை தெரியுது. எண்ணிப் பாத்தேன். பத்தொம்பது.

பிச்சையா ஓடி வந்து கையைப் பிடிச்சிக்கிட்டான். "அன்னைக்கு முப்புடாதி மேடம் சொன்னது ஆசாரி சொல்லித் தெரியும் சார். இத்தனை நாள் யாருக்கும் செய்யத் தோணலை. இப்ப இது உண்மையான பகா எண்ணு சார். இனிமே உங்க பேரை ஒருத்தனும் குறை சொல்ல முடியாது"ங்கான். பாசத்துலதான் சொல்லுதான்.

அவளையும் கூப்பிட்டிருக்கான். வந்திருந்தா. தலை நரைச்சிட்டு. கூட அவ வீட்டுக்காரர், லாரி செட்ல சூப்பர்வைசராம், சாது மனுசன். நேரா என்கிட்ட வந்து, "இவங்கதான் எங்க குற்றாலிங்கம் சார். எனக்கு முதல்ல வேலை கொடுத்தவங்க"ன்னு அவர்கிட்டச் சொல்லுதா. அவர் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுதாரு. "உங்களைப் பத்தி வீட்டுல நிறையச் சொல்லுவா சார். பிள்ளைகளுக்கு அப்படிப் பாடம் எடுப்பீங்களாம்லா நீங்க. பெஞ்சைத் தட்டச் சொல்லி. இவளும் ஸ்கூல்ல அப்படித்தான் எடுக்கா"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "ஏன் சார் இவ இந்த வேலையை விட்டா? எவ்வளவு பெரிய வேலை! எப்பக் கேட்டாலும் தூரம், பஸ் வசதி இல்லைன்னுட்டா. நீங்களாவது கண்டிச்சிருக்கக் கூடாதா?"

அவளைப் பாத்தேன். அவ கல்லைப் பாத்துக்கிட்டு நிக்கா.

ஒண்ணு பாத்துக்கிடுங்க, இத்தனை வருஷம் கூட இருந்த புருசன்கிட்ட அவ என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. என்னைத் திட்டக்கூட இல்ல அவ. நான் அவளை நினைக்காத நாள் கிடையாது, அவளுக்கு நான் நல்ல வாத்தியாரு! இது என்னங்க நியாயம்?

"ஆமா. தூரம்தான்"னேன்.

சாப்பிடாமக்கூட வந்துட்டேன். அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன், பிரமுகிட்டச் சொல்லாம. பிச்சையாகிட்ட நேரடியாச் சொல்லிரணும். தப்போ சரியோ, பதினேழுன்னா அது என்னோடது. இந்தப் பத்தொம்பது அவளோடது. ஊரெல்லாம் என்னைப் பாத்து, நீங்க கண்டுபிடிச்சதான்னு கேக்கும், நான் ஆமான்னு தலையாட்டணுமா? அந்தக் கல்லுல இப்ப ஒரு தப்பு கிடையாது, என் பேரைத் தவிர. அதை எடுக்கச் சொல்லுததுல என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கு?

ஸ்டாப் வந்துட்டு. சரி. கண்டக்டர், காலேஜ் ஸ்டாப் இறக்கம்! காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க.